குப்பைக்கும் கணக்கு உண்டு

வீட்டுக்குள் வருகின்ற பொருளுக்கெல்லாம் நாம் கணக்கு வைக்கின்றோம். பால்காரருக்கு ஒரு கணக்கு; மளிகைக் கடைக்கு ஒரு கணக்கு; பிள்ளைகளின் கல்விக் கட்டணத்துக்கு ஒரு கணக்கு. ஆயின், வீட்டைவிட்டு வெளியேறுகின்ற பொருளுக்கு மட்டும் கணக்கு வைப்பார் இல்லை. எறிந்ததோடு நமக்கும் அதற்கும் உள்ள உறவு அற்றுப்போயிற்று என்று கருதிவிடுகின்றோம். எறியப்பட்ட பொருளோ காற்றில் கரைந்து மறைவதில்லை. எங்கேனும் ஓரிடத்தில் அது விழுந்தே ஆகவேண்டும். அந்த "எங்கேனும்" என்பது, பெரும்பாலும், எதிர்த்துக் குரல் எழுப்ப இயலாத ஒருவருடைய வாயிற்படியாக அமைந்துவிடுகின்றது.

இவ்வுண்மையை நாம் கண்ணாரக் கண்டது ஒரு பல்கலைக்கழக வளாகத்தில். அதன் பெயர் இங்கே வேண்டாம். பெயரைச் சொன்னால், வாசகர்கள் அந்த ஒன்றை மட்டும் குறைகூறிவிட்டுத் தத்தம் ஊரை மறந்துவிடக்கூடும். பரந்து விரிந்த வளாகம் அது. முன்வாயிலில் வளைவும், பூச்செடிகளும், வெள்ளையடித்த கற்களும் வருவோரை வரவேற்கும். பின்புறத்திலோ சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும். அப்புதர்களின் நடுவே, யார் கொட்டினார், எப்போது கொட்டினார் என்று எவரும் சொல்லாத குப்பை மேடுகள்.

அவ்வளாகத்தின் பின்மதிலை ஒட்டிய சிற்றூர் எமது பங்கின் எல்லைக்குள் அமைந்தது. முறைகேடாகக் கொட்டப்படும் குப்பையைப் பற்றி ஆராய்ந்து அறிக்கை தருவதற்கு நிர்வாகத்தார் ஒரு தணிக்கைக் குழுவை அமைத்தபோது, சுற்றுப்புற மக்களின் சார்பில் ஒருவர் இருத்தல் நலம் என்று எம்மை அழைத்தனர். சுற்றுச்சூழல் துறைப் பேராசிரியை ஒருவர், ஓய்வுபெற்ற கணக்கு அலுவலர் ஒருவர், கட்டடப் பிரிவுப் பொறியாளர் ஒருவர், முதுகலை மாணவர் ஒருவர், இவர்களோடு நாம் என ஐவர் அக்குழுவில் இருந்தோம்.

முதற்கூட்டத்திலேயே தட்டச்சு செய்த வரைவு ஒன்று எங்கள்முன் வைக்கப்பட்டது. குப்பையைக் கொட்டுவோர் பின்புறத்து ஊரார் என்றும், பின்வாயிலை நிரந்தரமாக மூடி மதிலை உயர்த்திவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்றும் அதில் எழுதியிருந்தது. அந்தப் பின்வாயில் வழியாகத்தான் ஊர்ப்பிள்ளைகள் நெடுஞ்சாலைப் பேருந்து நிறுத்தத்தை அடைகின்றனர். விடுதிகளில் பெருக்கவும் பாத்திரம் துலக்கவும் செல்லும் பெண்களும் அவ்வழியேதான் வந்து போகின்றனர். வாயில் மூடப்பட்டால், விடியற்காலை இருட்டில் நெடுந்தொலைவு சுற்றிக்கொண்டு அவர்கள் நடக்கவேண்டியிருக்கும். குற்றம் நிலைநாட்டப்படுமுன்னரே தண்டனை எழுதப்பட்டுவிட்டது என்பதைக் கண்டோம்.

பேராசிரியை அம்மையார் அந்தத் தாளை மடித்து ஓரமாக வைத்தார். "முதலில் குப்பையைப் பார்ப்போம், ஃபாதர்; குப்பை போட்டவரைப் பிறகு பார்ப்போம்" என்றார். மற்றவர்களும் அதற்கு இசைந்தனர்.

தணிக்கை நடந்த விதம்

தணிக்கை என்றதும் பலர் மேசையும் பேரேடும் மட்டுமே நினைப்பர். குப்பைத் தணிக்கை காலால் நடப்பது. பிறகே கையால் எழுதுவது. மதிலை ஒட்டி முழுவதும் நடந்தோம். குப்பை கிடந்த ஒவ்வோர் இடத்தையும் வரைபடத்தில் குறித்தோம். 11 இடங்கள் கிடைத்தன. ஒவ்வொன்றிலும் என்ன கிடக்கிறது, எவ்வளவு நாள் பழையது, வண்டித் தடம் உண்டா, ஒற்றையடிப் பாதை மட்டுமா என்று மாணவர் எழுதிக்கொண்டே வந்தார். தலைச்சுமையாகக் கொண்டுவந்த குப்பை ஒற்றையடிப் பாதையின் அருகில் சிறு சிறு பொட்டலமாகக் கிடக்கும். லாரியில் வந்த குப்பை ஒரே குவியலாகச் சரிந்து கிடக்கும். இந்த வேறுபாடு ஒன்றே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

அடுத்து, ஒவ்வொரு மேட்டிலிருந்தும் ஓரளவு எடுத்துத் தார்ப்பாயில் கொட்டி வகை பிரித்தோம். கையுறையும் முகக்கவசமும் அணிந்து துப்புரவுப் பணியாளர்களே இவ்வேலையை முன்னின்று செய்தனர். மட்கும் குப்பை ஒருபுறம், பிளாஸ்டிக் ஒருபுறம், கட்டட இடிபாடு ஒருபுறம், மருத்துவக் கழிவு ஒருபுறம் எனப் பிரித்துத் தராசில் நிறுத்தோம்.

அவர்களுள் மூத்தவரான ஓர் அம்மாள் ஒவ்வொரு பையையும் கண்டவுடனே அதன் ஊரைச் சொன்னார். "இது ஆண்கள் விடுதி மெஸ்ஸு. அரிசி மூட்டைச் சாக்கைப் பாருங்க சாமி. இது பரீட்சை ஆபீஸு தாளு. இது மட்டும் வெளியே இருக்கிற கோழிக்கடை." எப்படி அம்மா இவ்வளவு திட்டமாகச் சொல்கிறீர்கள் என்று வினவினோம். "தினமும் இதைத்தானே சாமி பார்க்கிறோம்! குப்பை பொறுக்கிற எங்களைக் கேட்டா எது எங்கேயிருந்து வந்ததுன்னு சொல்லிடுவோம். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை" என்றார். அன்று அவர் சொன்னவற்றை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். பைக்குள் கிடந்த ரசீதும், சீட்டும், உறையும் அவர் சொல்லை மெய்ப்பித்தன.

அவருடைய வலக்கைப் பெருவிரலில் ஒரு துணி சுற்றியிருந்தது. வளாகத்து நலவாழ்வு நிலையத்தின் பின்புறக் குப்பையை அள்ளும்போது ஊசி குத்திவிட்டதாம். யாரிடமும் சொல்லவில்லையா என்றதற்கு, "சொன்னா வேலையை விட்டு நிறுத்திட்டாங்கன்னா?" என்று திரும்பக் கேட்டார். அன்று மாலையே அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று குருதிப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தோம். ஊசி குத்தியவர் எவராயினும் காலம் தாழ்த்தாது மருத்துவரிடம் செல்லவேண்டும். சில நோய்களுக்கான தடுப்பு மருந்து முதல் 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பயன்தரும் என்பதை இல்லத்தார் அனைவரும் அறிந்திருத்தல் நன்று.

இரண்டு ஏடுகள்

கணக்கு அலுவலர் ஐயா இதற்கிடையே அலுவலக ஏடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். பழைய விடுதி ஒன்றை இடித்துப் புதிய விடுதி கட்டியபோது, இடிபாடுகளை வெளியே ஏற்றிச் சென்றதற்காக ஒப்பந்தக்காரருக்குப் பணம் வழங்கப்பட்டிருந்தது. எத்தனை நடை லாரி என்பது பட்டியலில் இருந்தது. முன்வாயில் காவலரின் பதிவேட்டில், எந்த வண்டி எப்போது வெளியேறியது என்பது இருந்தது. இவ்விரண்டு ஏடுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தவர் எவரும் இல்லை. வைத்துப் பார்த்தபோது, பணம் பெற்ற நடைகளுள் பெரும்பகுதி வாயிலைக் கடக்கவே இல்லை என்பது தெரிந்தது.

அப்படியானால் அந்தச் செங்கல்லும் சாந்தும் எங்கே போயின? பின்புறத்து ஓடையில் கிடந்தன. மழைநீரை வளாகத்துக் குட்டைக்கும், அங்கிருந்து ஊர் ஏரிக்கும் கொண்டு செல்லும் ஓடை அது. அதைத் தூர்த்து, மேலே மண்ணைப் பரப்பி, அதன்மீது கருவேலமும் முளைத்துவிட்டது. வடகிழக்குப் பருவமழையில் பின்புறத்து ஊருக்குள் வெள்ளம் புகுந்ததன் காரணமும் அப்போதுதான் விளங்கிற்று. குப்பை கொட்டினார்கள் என்று குற்றம் சாட்டப்பட்ட அதே ஊரார், அக்குப்பையினால் தங்கள் அடுப்பங்கரையில் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றிருந்தனர்.

இதைச் சொல்வதால் ஊரார்மீது குறையே இல்லை என்று நாம் வாதிடவில்லை. 11 இடங்களுள் 2 இடங்களில் கிடந்தவை ஊர்வீடுகளின் குப்பைகளே. 1 இடத்தில் கிடந்தது கோழிக்கடைக் கழிவு. எஞ்சிய 8 இடங்களும் வளாகத்தின் உள்ளிருந்தே வந்தவை. ஊரார் ஏன் அங்கே கொட்டினர் என்று விசாரித்தபோது, தங்கள் தெருவுக்குக் குப்பை வண்டி வருவதே இல்லை என்றனர். அதுவும் அறிக்கையில் இடம்பெற்றது.

டெல்லியில் நேர்ந்தது

கல்விக்கூடத்துக் கழிவு என்றால் தாளும் சோறும்தானே, அதற்கு இத்துணைப் பரபரப்பு எதற்கு என்று சிலர் கேட்டனர். அவர்களுக்கு நாம் 2010-ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றை நினைவூட்டினோம்.

டெல்லிப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறை 1968-இல் கனடாவிலிருந்து காமா கதிர்வீச்சுக் கருவி ஒன்றை வாங்கியது. அதனுள் கோபால்ட்-60 என்னும் கதிரியக்கப் பொருள் இருந்தது. 1985-க்குப் பிறகு அக்கருவியை எவரும் பயன்படுத்தவில்லை. ஓர் அறையில் அது பூட்டிக் கிடந்தது. அதை அறிந்தவர்கள் ஓய்வுபெற்றுச் சென்றனர். 2010 பிப்ரவரியில், பழைய சாமான்களோடு சாமானாக, அது ஏலத்தில் விற்கப்பட்டது. மாயாபுரி என்னும் பகுதியில் உள்ள காயலான் கடைக்கு அது சென்று சேர்ந்தது. கடைத் தொழிலாளர்கள் உலோகத்துக்காக அதைப் பிரித்தனர். காக்கும் ஈயக் கவசம் அகன்றது. உள்ளிருந்த துண்டுகள் வெளியே வந்தன. ஒளிரும் உலோகத் துண்டு என்றெண்ணி ஒருவர் அதைத் தமது பணப்பையிலேயே வைத்திருந்தார். சில நாட்களில் தோல் கருகிற்று, முடி உதிர்ந்தது, மருத்துவர்கள் திகைத்தனர். ஏப்ரல் மாதத்தில் உண்மை வெளிப்பட்டது. பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தொழிலாளர் ஒருவர் உயிர்நீத்தார்.

கோபால்ட்-60 ஏறத்தாழ 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை தன் வீரியத்தில் பாதியை இழப்பது. 40 ஆண்டுகளுக்குப் பின்னரும் எஞ்சியிருந்த சிறு பகுதியே ஓர் உயிரைப் பறித்துவிட்டது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அப்பல்கலைக்கழகத்திடம் விளக்கம் கேட்டு அறிவிக்கை விடுத்தது. இதில் தீயவர் எவரும் இல்லை. கொலை செய்யும் எண்ணத்தோடு எவரும் அக்கருவியை விற்கவில்லை. அந்த அறையில் இருப்பது இன்னது, அதை இன்ன முறையில் அகற்றவேண்டும் என்று ஒரு பதிவேட்டில் எழுதி, ஆண்டுதோறும் ஒருவர் அதைச் சரிபார்த்திருந்தால் போதும். கணக்கின்மையே அங்கே உயிரைக் குடித்தது.

இந்நிகழ்ச்சியைக் கேட்டபின் எங்கள் குழு ஆய்வுக்கூடங்களுக்கும் சென்றது. அங்கே பெயர்ச்சீட்டு உதிர்ந்த ரசாயனப் புட்டிகள் அலமாரிகளில் வரிசையாக நின்றன. உள்ளே இருப்பது அமிலமா, நஞ்சா என்று சொல்ல ஆள் இல்லை. அவற்றுக்கெனத் தனியே ஒரு பட்டியல் எழுதத் தொடங்கினோம்.

சட்டம் சொன்னது

நம் நாட்டில் இதற்கென விதிகள் இல்லாமல் இல்லை. 1996-இல் அல்மித்ரா படேல் என்னும் அம்மையார் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கு நாட்டின் கண்களைத் திறந்தது. 2000-ஆம் ஆண்டில் நகராட்சித் திடக்கழிவு விதிகள் வந்தன. 2016-இல் அவற்றுக்குப் பதிலாக வந்த விதிகள் நகரங்களைத் தாண்டியும் பரந்தன. நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோகிராமுக்கு மேல் குப்பை உண்டாக்கும் இடங்களைப் பெருங்கழிவு உண்டாக்குவோர் என அவை வரையறுத்தன. பல்கலைக்கழகம், கல்லூரி, விடுதி, மருத்துவமனை ஆகியவற்றோடு வழிபாட்டுத் தலங்களையும் அவ்வரையறையில் சேர்த்தன என்பதை நம் வாசகர்கள் கவனிக்கவேண்டும். குப்பையைப் பிறக்கும் இடத்திலேயே பிரிக்கவேண்டும். மட்குவதை இயன்றவரை வளாகத்துக்குள்ளேயே உரமாக்கவேண்டும் என்னும் கடமை அப்போதே விதிக்கப்பட்டுவிட்டது. கட்டட இடிபாட்டுக்கும், மருத்துவக் கழிவுக்கும் அதே ஆண்டில் தனித்தனி விதிகள் வகுக்கப்பட்டன. மருத்துவக் கழிவை மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என நிறம் பிரித்துச் சேர்க்கவேண்டும் என்றனர். அந்த அம்மாளின் விரலில் குத்திய ஊசி, துளைக்க இயலாத வெள்ளைக் கலத்துக்குள் போயிருக்கவேண்டியது. திறந்த வெளியில் குப்பையை எரிப்பதைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் தடைசெய்து, எரிப்போருக்கு ரூ. 5,000, பெருமளவில் எரிப்போருக்கு ரூ. 25,000 எனத் தண்டமும் விதித்தது.

விதி இருந்தும் தடம் பிடிப்பார் இல்லையேல் பயன் இல்லை. தடம் பிடித்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2024 டிசம்பர் சான்று. கேரளத்து மருத்துவமனைகளின் கழிவு, திருநெல்வேலி மாவட்டத்தில் நடுக்கல்லூர், கொடகநல்லூர் முதலிய ஊர்ப்புறங்களில் கொட்டப்பட்டுக் கிடந்தது. குப்பைக்குள் கிடந்த நோயாளர் சீட்டுகளே அது எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டிக்கொடுத்தன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, அக்கழிவை மூன்று நாட்களில் அகற்றுமாறு கேரள அரசுக்கு ஆணையிட்டது. அதன்படி கேரள அதிகாரிகள் லாரிகளோடு வந்து அள்ளிச் சென்றனர். கொட்டியவர் திரும்ப வந்து அள்ளிய காட்சியைத் தமிழ்நாடு கண்டது. குப்பை, தன்னைப் போட்டவரின் முகவரியைத் தன்னுள்ளேயே சுமந்துகொண்டிருக்கின்றது. தேடிப் படிப்பவர்தாம் குறைவு.

அறிக்கையின் முடிவு

எங்கள் அறிக்கை ஆட்சிக்குழுவின்முன் சென்றது. "வெளியார் கொட்டுகின்றனர்" என்னும் முதல் வரைவின் சொற்றொடர் அதில் இல்லை. அதற்கு மாற்றாக, 11 இடங்களின் பட்டியலும், ஒவ்வொன்றின் எடையும், இரண்டு ஏடுகளின் ஒப்பீடும் இருந்தன. கட்டடப் பிரிவுப் பொறியாளர் தம் பிரிவுக்கே எதிரான அப்பக்கத்தில் கையொப்பமிடச் சற்றே தயங்கினார். அவர் தயக்கத்தை நாம் குறைகூறோம். நாளை அதே அலுவலகத்தில் அவர் பணிபுரிய வேண்டுமன்றோ? இறுதியில் அவரும் கையொப்பமிட்டார். அக்கையொப்பமே அந்த அறிக்கையின் பெருமை என நாம் எண்ணுகின்றோம்.

பின்வாயில் மூடப்படவில்லை. அங்கே விளக்கு ஒன்று போடப்பட்டது. ஓடையில் ஒரு பகுதி தூர்வாரப்பட்டது. நலவாழ்வு நிலையத்துக்கு ஊசிக் கலங்கள் வந்தன. துப்புரவுப் பணியாளர்களுக்குக் கையுறைகளும் காலணிகளும் வழங்கப்பட்டன. ஊராட்சியின் குப்பை வண்டி வாரம் இருமுறை ஊருக்குள் வரத் தொடங்கிற்று. ஒப்பந்தக்காரர் பெற்ற பணத்தைத் திரும்பப் பெறும் விவகாரம் மட்டும் இன்னமும் கோப்பில் இருக்கின்றது. எல்லாம் நிறைவேறியது என்று எழுத எமக்கும் ஆசைதான். ஆயின் நிகழாததை நிகழ்ந்ததாக எழுதுதல் தணிக்கைக்கு அழகன்று.

இல்லத்தார் செய்யக்கூடுவது

தரச்சான்று நாடும் கல்லூரிகளில் இக்காலத்தே பசுமைத் தணிக்கை என்பது வழக்கமாகிவிட்டது. பல இடங்களில் அது அழகிய அட்டையிட்ட புத்தகமாக முடிந்துவிடுகின்றது. உங்கள் பிள்ளைகள் பயிலும் கல்லூரியில் அது நடக்குமானால், அக்குழு பின்மதில்வரை நடந்ததா, பெருக்குகின்ற பெண்களிடம் பேசியதா என்று பெற்றோராகிய நீங்கள் கேட்கலாம். கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

வீட்டிலும், தெருவிலும், திருவிழாக் காலத்து ஆலய வளாகத்திலும் இதே தணிக்கையைச் சிறிய அளவில் செய்து பார்க்கலாம். நான்கு வினாக்கள் போதும். நம்மிடமிருந்து என்ன வெளியேறுகின்றது? எவ்வளவு? யார் கையால் அது அள்ளப்படுகின்றது? கடைசியில் அது எங்கே சென்று கிடக்கின்றது? முதல் மூன்றுக்கு விடை எளிதில் கிடைக்கும். நான்காவது வினாவுக்கு விடை காண, குப்பை வண்டியின் பின்னே ஒருநாள் நடந்தே செல்லவேண்டியிருக்கும். தேர்த்திருவிழா அன்னதானத்துக்கு மறுநாள் எச்சில் இலைகளும், தண்ணீர்ப் புட்டிகளும் எங்கே கொட்டப்பட்டன என்று பங்குப் பேரவையில் ஒருவர் எழுந்து கேட்டால், அடுத்த ஆண்டு விழாவின் முறையே மாறிவிடும்.

உடைந்த கண்ணாடியைத் தாளில் சுற்றி, "கண்ணாடி" என்று மேலே எழுதிப் போடுங்கள். ஊசியையும் முகச்சவர அலகையும் மூடியுள்ள தகரப் புட்டியில் சேர்த்து வையுங்கள். பழைய மின்கலத்தைச் சோற்றுக் குப்பையோடு கலக்காதீர்கள். நம் பையை அவிழ்ப்பதற்கு வேறொருவருடைய வெறுங்கை காத்திருக்கின்றது என்னும் நினைவு ஒன்று போதும். மற்ற ஒழுங்குகள் யாவும் தாமாகவே பின்தொடரும்.